மசோதாவாக இருக்கும்போதே: நாடாளுமன்றத் திருத்தங்களில் குடிமக்கள் பங்கேற்கும் வழி

2023 ஜூலை 26 அன்று, சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. மணிப்பூர் விவகாரத்தால் அவை கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. அமளிக்கு நடுவிலேயே ஜூலை 28-இல் மக்களவையிலும், ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. எந்தக் குழுவின் ஆய்வுக்கும் அது அனுப்பப்படவில்லை. 24 கனிமங்களைத் தனிப் பட்டியலாக்கி, அவற்றுக்கான ஏலத்தை இனி மத்திய அரசே நடத்தும் என்றது அந்தச் சட்டம். பட்டியலில் டங்ஸ்டனும் இருந்தது.

அதன் விளைவு மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்துக்கு 2024 நவம்பர் 7-இல் வந்து சேர்ந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேர் பரப்புக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வாகியிருப்பதாக அறிவிப்பு வெளியானது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அந்த வரைபடத்துக்குள் இருந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23-இல் மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

ஒரே வாரத்தில் இரு அவைகளையும் கடந்த ஒரு சட்டத்தின் விளைவைத் தடுக்க, ஊர்கள் இரண்டரை மாதம் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. அப்படி நின்றும் ரத்தானது ஏலம் மட்டும்தான். ஏல அதிகாரத்தை மாற்றிய சட்டப்பிரிவு அப்படியே இருக்கிறது. தெருவில் இறங்குவதற்கு வெகு முன்பே, மசோதா மசோதாவாக இருக்கும்போதே, சாதாரண மக்கள் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. உழவர் சங்கம், வணிகர் சங்கம், மகளிர் குழு, கல்லூரி மாணவர் மன்றம், ஊராட்சி மன்றம் என யாரும் அவற்றைச் செய்யலாம். அந்த வேலைகளை வரிசைப்படி சொல்வதே இந்த அத்தியாயம்.

தொடங்கும் முன்: டெல்லியா, சென்னையா?

முதல் கேள்வி, எந்த அவையிடம் பேச வேண்டும் என்பது. இதில் தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல். பொதுப்பட்டியலில் உள்ள விஷயங்களில் இரு தரப்பும் சட்டம் இயற்றலாம். ஆனால் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்துடன் முரண்பட்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அந்த மாநிலத்தில் அது நிற்கும். 254(2)-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

இதற்கு மதுரையைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. தமிழக அரசின் 2009-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் 1960-ஆம் ஆண்டு மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி அதையும் செல்லாததாக்கியது. விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். ஆகவே 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் போராட்டம் வெடித்தபோது, தமிழக அரசு வேறு வழியைப் பிடித்தது. தனிச் சட்டம் போடாமல், மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டளவில் திருத்தியது. ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 23-இல் சட்டமன்றம் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

குறிப்பு: மசோதாவின் பொருள் பொதுப்பட்டியலில் இருந்தால் இரண்டு கதவுகளையும் தட்டலாம். மத்தியப் பட்டியலில் இருந்தால் நாடாளுமன்றம் ஒன்றே வழி.

யாரிடம் போவது?

மதுரை மாவட்டத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் மதுரை மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவர்கள் அல்லர். இந்தக் குழப்பத்தால் மனுக்கள் வேறு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

• மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் மதுரை மக்களவைத் தொகுதியில் அடங்கும்.
• திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் உள்ளன.
• சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி மக்களவைத் தொகுதியில் உள்ளன. அலங்காநல்லூரும் பாலமேடும் சோழவந்தான் சட்டமன்றத் தொகுதிக்குள் வருவதால், அவ்வூர் மக்களின் எம்.பி. தேனித் தொகுதியின் உறுப்பினர்.

இவர்களைத் தவிர, தமிழகத்திலிருந்து மாநிலங்களவைக்கு 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாநிலம் முழுவதுக்கும் பொதுவானவர்கள். எந்த ஊரிலிருந்தும் அணுகலாம்.

மசோதா நடக்கும் பாதை: ஒன்பது நிலைகள்

ஒவ்வொரு நிலையிலும் மக்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1. வரைவு. துறை அமைச்சகம் மசோதாவை எழுதுகிறது. சட்ட அமைச்சகம் சரிபார்க்கிறது. 2014-இல் வகுக்கப்பட்ட முன்கூட்டிய கலந்தாய்வுக் கொள்கையின்படி, வரைவைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட வேண்டும். இது கொள்கைதான், கட்டாயச் சட்டம் அல்ல. பல மசோதாக்கள் இந்த நிலையைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. வெளியிடப்பட்டால், மாற்றத்துக்கு மிக எளிதான காலம் இதுதான்.

2. அமைச்சரவை ஒப்புதல். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. மறுநாள் செய்தித்தாளில் வரும் ஒரு பத்தியே எச்சரிக்கை மணி.

3. அறிமுகம். முதல் வாசிப்பு என்று இதைச் சொல்வார்கள். மசோதா அரசிதழில் வெளியாகும். முழு வாசகம் கைக்குக் கிடைக்கும் நாள் இது.

4. குழு ஆய்வு. மசோதா துறைசார் நிலைக்குழுவுக்கோ, தேர்வுக்குழுவுக்கோ, இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்கோ போகலாம். நிலைக்குழுக்கள் 24 உள்ளன; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். குழுவுக்கு அனுப்புவது கட்டாயமில்லை. பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 15-ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது.

5. பொது விவாதம். இரண்டாம் வாசிப்பின் முதல் பகுதி. மசோதாவின் நோக்கம் மட்டுமே பேசப்படும்.

6. கூறுவாரியான பரிசீலனை. திருத்தங்கள் முன்வைக்கப்பட்டு வாக்குக்கு வருவது இங்கேதான். ஒவ்வொரு கூறாக, பிறகு அட்டவணைகள், கடைசியில் முதல் கூறும் மசோதாவின் தலைப்பும் எடுக்கப்படும்.

7. மூன்றாம் வாசிப்பு. மசோதாவை முழுமையாக ஏற்பதா, மறுப்பதா என்பதே கேள்வி. சொற்பிழை போன்ற சிறு திருத்தங்களுக்கு மட்டுமே இடம்.

8. மறு அவை. இதே படிகள் மீண்டும் நடக்கும். மறு அவை திருத்தினால், மசோதா முதல் அவைக்குத் திரும்பும். லோக்பால் மசோதா அப்படித்தான் 2013 டிசம்பர் 17-இல் மாநிலங்களவையில் திருத்தங்களுடன் நிறைவேறி, மறுநாள் மக்களவையின் இசைவைப் பெற்றது. இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். 1961-இல் வரதட்சணைத் தடுப்பு, 1978-இல் வங்கிப் பணி ஆணைய நீக்கம், 2002-இல் பொடா என மூன்று மசோதாக்களே அப்படி நிறைவேறியுள்ளன. பண மசோதாவுக்கு இது பொருந்தாது. அதை 14 நாட்களுக்குள் பரிந்துரைகளுடன் திருப்பி அனுப்புவதோடு மாநிலங்களவையின் வேலை முடிந்தது.

9. குடியரசுத் தலைவர். ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், பண மசோதா அல்லாதவற்றை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். ராமேசுவரத்து அப்துல் கலாம், ஆதாயப் பதவிகள் தொடர்பான தகுதியிழப்புத் தடுப்புத் திருத்த மசோதாவை 2006 மே மாதம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். இரண்டாம் முறை வந்தால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்பது 111-ஆம் பிரிவின் ஏற்பாடு.

எச்சரிக்கை: மக்களவை கலைக்கப்பட்டால், அங்கே நிலுவையில் உள்ள மசோதாக்களும், அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் காத்திருக்கும் மசோதாக்களும் காலாவதியாகிவிடும். புதிய அவையில் அதே மசோதா மறுபடி வந்தால், பழைய மனு செல்லும் என்று இருந்துவிடக் கூடாது. புதிதாக எழுத வேண்டும்.

திருத்த மசோதாவை வாசிக்கும் முறை

திருத்த மசோதா தனியாக வாசித்தால் புரியாது. "இந்தப் பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்" என்ற துண்டுகளாகவே அது இருக்கும். கீழ்க்கண்ட வரிசையில் போனால், சட்டம் படிக்காதவர்களும் ஒரு மாலையில் சாரத்தைப் பிடித்துவிடலாம்.

1. நாடாளுமன்ற இணையதளத்திலிருந்து 'அறிமுகப்படுத்தப்பட்டவாறு' என்ற குறிப்புள்ள பிரதியை எடுக்கவும். செய்தித்தாள் சுருக்கத்தை வைத்து எழுதக் கூடாது.

2. முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போகவும். 'நோக்கங்களும் காரணங்களும்' என்ற அறிக்கை அங்கே இருக்கும். அரசு ஏன் இதைக் கொண்டுவருகிறது என்பது அதில் தெரியும்.

3. அடுத்து, நிதிக் குறிப்பையும், விதிகள் வகுக்கும் அதிகாரம் பற்றிய குறிப்பையும் பார்க்கவும். எவற்றையெல்லாம் பின்னால் அதிகாரிகள் தீர்மானிப்பார்கள் என்பது இரண்டாவதில் வெளிப்படும்.

4. இணைப்பில் மூலச் சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் பழைய வாசகம், வலப்பக்கம் புதிய வாசகம் என எழுதவும்.

5. அட்டவணைகளைத் தவறவிடக் கூடாது. 2023 சுரங்கத் திருத்தத்தில் மேலூரைத் தொட்ட இடம் அட்டவணைதான். முதல் அட்டவணையில் புதிதாகச் சேர்ந்த 'டி' பகுதியில் 24 கனிமங்களின் பெயர்கள். 11டி என்ற புதிய பிரிவில், அவற்றின் ஏலத்தை மத்திய அரசு நடத்தும் என்ற ஏற்பாடு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் பொருள் வரும்.

6. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதவும்: அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? யாருடைய சம்மதம் தேவையில்லாமல் போகிறது? இது எங்கள் ஊரில் எந்த நிலத்தை, எந்தத் தொழிலைத் தொடும்?

குறிப்பு: ஊருக்கு ஓர் ஆங்கிலம் அறிந்தவர், ஒரு கிராம நிர்வாக விவரம் அறிந்தவர், ஒரு வழக்கறிஞர் என மூவர் சேர்ந்தால் இந்த வேலை விரைவாக முடியும். பிழையும் குறையும்.

திருத்தத்தை எழுதும் முறை

"இந்த மசோதா வேண்டாம்" என்ற ஒற்றை வரி அவைக்குள் திருத்தமாக ஏற்கப்படாது. ஒரு கூறை முற்றிலும் மறுக்கும் திருத்தத்தை விதிகளே அனுமதிப்பதில்லை. அந்தக் கூறுக்கு எதிராக வாக்களிப்பதே அதற்கான வழி. ஓர் உறுப்பினர் அப்படியே எடுத்துச் சென்று முன்வைக்கக்கூடிய வடிவில் எழுதித் தருவதுதான் பயன் தரும்.

1. பக்க எண், வரி எண், கூறு எண் மூன்றையும் குறிக்கவும்.

2. நீக்குக, சேர்க்க, பதிலீடு செய்க என்ற மூன்றில் எது என்பதைத் தெளிவாகச் சொல்லவும்.

3. புதிய வாசகத்தை மேற்கோள் குறிக்குள் முழுமையாக எழுதவும்.

4. கீழே நான்கு வரிகளுக்கு மிகாமல் காரணம் எழுதவும். அதில் ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு கட்டாயம் இருக்கட்டும்.

5. மசோதாவின் வரம்புக்குள்ளும் அந்தக் கூறின் பொருளுக்குள்ளும் அடங்குகிறதா என்று சரிபார்க்கவும். அவை ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முரணான திருத்தமும், கூறைப் பொருளற்றதாக்கும் திருத்தமும் ஏற்கப்படமாட்டா.

6. வரி விதிக்கும் திருத்தமாக இருந்தால் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவைப்படும். அத்தகைய யோசனைகளை இயன்றவரை தவிர்க்கவும்.

மாதிரி: சுரங்க மசோதா நிலுவையில் இருந்தபோது மேலூர்ப் பகுதிச் சங்கம் ஒன்று எழுதியிருந்தால், பக்க, வரி எண்கள் நீங்கலாக அது இப்படி இருந்திருக்கலாம்.

"புதிய 11டி பிரிவின் இறுதியில் சேர்க்க: 'ஆனால், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்கீழ்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட எந்த நிலப்பகுதியும், தொடர்புடைய கிராம சபையின் முன் இசைவின்றி இப்பிரிவின்கீழ் ஏலத்துக்கு உட்படுத்தப்படலாகாது.' காரணம்: மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் இவ்வாறு அறிவிக்கப்பட்டுள்ளது."

இந்த நான்கைந்து வரிகளில் இடம், செயல், வாசகம், காரணம் எல்லாம் வந்துவிடுகின்றன. உறுப்பினரின் உதவியாளர் இதை ஆங்கிலத்தில் மாற்றி அன்றே செயலகத்தில் கொடுத்துவிட முடியும். திருத்த அறிவிப்பை மசோதா பரிசீலனைக்கு வரும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது கொடுக்க வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் அனுப்பும் அழகான பத்துப் பக்கக் கடிதத்தைவிட முன்கூட்டி அனுப்பும் அரைப்பக்கம் மேலானது.

குழுவிடம் கருத்துச் சொல்லும் முறை

குழு ஆய்வு கிடைத்தால் என்ன வேறுபாடு என்பதை அதே 2023 ஆகஸ்ட் வாரம் காட்டுகிறது. அரிட்டாபட்டிக்குப் பாரம்பரியத் தல அந்தஸ்து தந்த பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் அந்த வாரம்தான் திருத்தப்பட்டது. ஆனால் அந்த மசோதா 2021 டிசம்பர் 16-இல் அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்குப் போய், பொதுமக்கள் கருத்தைப் பெற்று, 2022 ஆகஸ்டில் அறிக்கை வந்து, 2023 ஆகஸ்ட் 1-இல்தான் மாநிலங்களவையைக் கடந்தது. பேசுவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவகாசம். சுரங்க மசோதாவுக்கு எட்டே நாட்கள்.

குழு கருத்துக் கேட்கும்போது செய்ய வேண்டியவை:

1. குழுவின் விளம்பரம் நாளிதழ்களிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் வரும். அவகாசம் பெரும்பாலும் 15 நாட்கள். வந்த அன்றே காலண்டரில் குறிக்கவும்.

2. குறிப்பாணையை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்பக் கேட்பது வழக்கம். தமிழில் எழுதி ஊரார் முன் வாசித்து ஒப்புதல் பெற்ற பிறகு மொழிபெயர்க்கவும்.

3. கூறு வாரியாக எழுதவும்: இன்றுள்ள வாசகம், எங்கள் ஆட்சேபம், நாங்கள் கோரும் வாசகம்.

4. நேரில் சாட்சியம் அளிக்க விருப்பம் என்றால், அதைக் குறிப்பாணையிலேயே தனியாகக் குறிப்பிடவும். குறிப்பிடாதவர்களைக் குழு பொதுவாக அழைப்பதில்லை.

5. கிராம சபைத் தீர்மானம் இருந்தால் தேதியுடன் சேர்க்கவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழக கிராம சபைகள் கூடுகின்றன.

குழுவுக்கு அனுப்பிவிட்டால் மாற்றம் நிச்சயம் என்று எண்ணக் கூடாது. 2023-இன் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழு, கருத்துகளைக் கேட்டும் மசோதாவில் எந்த மாற்றமும் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் உறுப்பினர்கள் சிலரின் மறுப்புக் குறிப்புகள் அறிக்கையோடு அச்சாகி, பின்னாளில் நீதிமன்றத்திலும் ஆய்விலும் எடுத்துக்காட்டத்தக்க ஆவணமாக நிற்கின்றன.

குழுவே இல்லாவிட்டால்?

மக்களவையின் மனுக்கள் குழு அப்போது உதவும். அறிமுகமான அல்லது நிலுவையில் உள்ள மசோதா குறித்து மக்களவைக்கே மனு அளிக்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு.

1. மனு மக்களவையை விளித்து, கண்ணியமான, நிதானமான மொழியில் இருக்க வேண்டும்.

2. தமிழில் எழுதினால், கையெழுத்திட்ட இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம்.

3. ஒவ்வொருவரின் முழுப்பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைரேகை வைக்கலாம்.

4. கடிதம், உறுதிமொழிப் பத்திரம் போன்ற எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது. சொல்ல வேண்டியது எல்லாம் மனுவுக்குள்ளேயே இருக்கட்டும்.

5. அவையில் அளிப்பதானால் ஓர் உறுப்பினரின் மேலொப்பம் தேவை.

வாக்கெடுப்பு நாளில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான கூறுகள் குரல் வாக்கில் தீர்மானிக்கப்படுகின்றன. 'ஆம்', 'இல்லை' என்ற குரல்களில் எது ஓங்கியது என்று அவைத் தலைவர் அறிவிப்பார். அப்படி நிறைவேறினால் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு இருக்காது. ஆகவே முக்கியமான கூறில் பதிவு வாக்கெடுப்பு, அதாவது டிவிஷன், கேட்கும்படி உறுப்பினரிடம் முன்கூட்டியே வேண்டிக்கொள்ள வேண்டும்.

கட்சிக் கொறடாவின் உத்தரவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரலாம். உள்ளூர் எம்.பி.யின் மனமாற்றம் மட்டும் போதாது. கட்சித் தலைமையும், ஆளும் கூட்டணி உறுப்பினர்களும், துறை அமைச்சரும் ஒருசேர அணுகப்பட வேண்டும். 2024 வக்பு திருத்த மசோதாவின் கூட்டுக்குழு 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களைப் பெற்றது. முடிவில் குழு ஏற்ற 14 திருத்தங்களும் ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் முன்வைத்தவையே. மனுக்களின் எண்ணிக்கை வேறு, வாக்குகளின் எண்ணிக்கை வேறு.

பொறுமைக்குப் பலன் கிடைத்த வழியும் உண்டு. தி.மு.க.வின் திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24-இல் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவையைக் கடந்த முதல் தனிநபர் மசோதா அது. அரசு 2016-இல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது. திருநர் அமைப்புகள் அதன் கூறுகளைக் கடுமையாக எதிர்த்தன. நிலைக்குழு ஆராய்ந்தது. 2018 டிசம்பரில் 27 திருத்தங்களுடன் மக்களவையைக் கடந்த மசோதா, 2019-இல் அவை கலைந்ததால் காலாவதியானது. மறுபடி வந்து அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியபோது, மாவட்ட அளவில் பாலினத்தைப் பரிசோதிக்கும் குழு என்ற ஏற்பாடும், பிச்சை தொடர்பான குற்றக் கூறும் அதில் இல்லை. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் கேட்காமல் இவை நீங்கியிருக்கமாட்டா.

அடிக்கடி நேரும் தவறுகள்

• மசோதாவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது. 'மேம்பாடு' என்ற பெயருள்ள மசோதாவில் என்ன மேம்படுகிறது என்பது கூறுகளில்தான் தெரியும்.
• அச்சடித்த ஒரே கடிதத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திடுவது. பத்து ஊர்கள் தத்தம் அனுபவத்தை எழுதும் பத்துக் கடிதங்களுக்கு அதிக எடை உண்டு.
• எதிர்க்கட்சி உறுப்பினர்களை மட்டும் சந்திப்பது.
• மாநிலங்களவையை மறந்துவிடுவது. ஓர் அவையில் தோற்ற திருத்தத்தை மறு அவையில் மீண்டும் முன்வைக்கலாம்.
• முக்கியக் கோரிக்கையை இருபது கோரிக்கைகளுக்கு நடுவே புதைப்பது. மூன்று போதும்.
• அனுப்பிய தேதி, பெறுகைச் சான்று இவற்றை வைத்துக்கொள்ளாமல் விடுவது.

பாதுகாப்புக்காகச் சில விதிகள்

1. குழுவிடம் அளித்த குறிப்பாணை குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் அதை வாட்ஸ்அப்பிலோ பத்திரிகையிலோ வெளியிடுவது உரிமை மீறலாகக் கருதப்படலாம். பொதுவில் பேசுவதற்குத் தனியே ஒரு விளக்கக் குறிப்பு தயாரித்துக்கொள்ளவும்.

2. கையெழுத்து வாங்கும்போது ஆதார் எண்ணோ வங்கி விவரமோ கேட்கக் கூடாது, தரவும் கூடாது. பெயரும் முகவரியும் போதும். கையெழுத்துத் தாள்கள் ஒருவரின் பொறுப்பில் பத்திரமாக இருக்கட்டும்.

3. மனு அளிக்கவும் குழுவுக்கு எழுதவும் கட்டணம் கிடையாது. டெல்லியில் காரியம் முடித்துத் தருவதாகப் பணம் கேட்பவர்களை அண்ட விடக் கூடாது.

4. பேரணிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் முன்கூட்டியே காவல்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கவும். மாநகருக்குள் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். ஒரே ஊர்வலம் இரண்டு எல்லைகளையும் கடக்குமானால் இரண்டு இடத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். டங்ஸ்டன் எதிர்ப்பில் கலந்துகொண்டவர்கள்மீதும் வழக்குகள் பதிவாகின. மாநில அரசு அவற்றைத் திரும்பப் பெறுவதாகப் பின்னர் அறிவித்தது. எல்லாப் போராட்டத்துக்கும் அப்படி நடக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

5. மசோதாவில் இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது. ஒரு தவறான வரி போதும், மற்ற ஒன்பது சரியான வரிகளையும் அமைச்சகம் தள்ளிவிடும்.

நிறைவேறிய பிறகும் மூன்று வேலைகள்

சட்டமானதும் கோப்பைக் கட்டி வைத்துவிடக் கூடாது.

முதலாவது, அமலுக்கு வரும் தேதியை அரசிதழில் பார்க்க வேண்டும். ஒப்புதல் பெற்ற நாளும் அமலாகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிரிவுக்குப் பிரிவு தேதி மாறவும் கூடும்.

இரண்டாவது, வரைவு விதிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். பல சட்டங்களில் விதிகளை முன்கூட்டி வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இறுதி விதிகள் இரு அவைகளிலும் 30 அமர்வு நாட்களுக்கு வைக்கப்படுவது வழக்கம். அந்தக் காலத்துக்குள் எந்த உறுப்பினரும் திருத்தமோ ரத்தோ கோரலாம். மசோதாவில் தோற்ற கோரிக்கை விதியில் நிறைவேற வாய்ப்பு உண்டு. இரு அவைகளிலும் உள்ள சார்நிலைச் சட்டக் குழுக்களுக்கும் எழுதலாம்.

மூன்றாவது, உள்ளூரில் அந்தச் சட்டத்தின்கீழ் வெளியாகும் அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். சுரங்க ஏலம் என்றால் சுரங்க அமைச்சகத்தின் ஏல அறிவிப்புகள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கனிமவளத் துறை அலுவலகம் ஆகிய மூன்று இடங்களையும் அவர் மாதம் ஒருமுறை பார்த்து, ஊர்ப்பெயர், புல எண், பரப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அடுத்த கிராம சபையில் அந்தக் குறிப்பேடு வாசிக்கப்பட வேண்டும். வாசித்ததாகத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதப்பட வேண்டும்.